ஒருதலைக் காதல் கொலைகளை முன்கூட்டியே கண்டுபிடிச்சு தடுக்கிறது எப்படி? முழுமையான வழிகாட்டி

2012 நவம்பர்ல காரைக்கால்ல ஒரு இளம் இன்ஜினியர் மேல ஆசிட் ஊத்தினாங்க, மூணு மாசம் போராடி 2013 பிப்ரவரில அந்தப் பொண்ணு இறந்துபோச்சு. 2016 ஜூன் 24 காலைல நுங்கம்பாக்கம் ஸ்டேஷன்ல வேலைக்குப் போக ட்ரெயினுக்கு நின்ன பொண்ணை வெட்டிக் கொன்னாங்க. 2022 அக்டோபர் 13 அன்னிக்கு பரங்கிமலை ஸ்டேஷன்ல காலேஜ் படிச்ச பொண்ணை ஓடுற ட்ரெயின் முன்னாடி தள்ளிவிட்டான் ஒருத்தன், அந்த கேஸ்ல 2024 டிசம்பர்ல சென்னை மகளிர் கோர்ட் மரண தண்டனை கொடுத்துச்சு. ஒவ்வொரு தடவையும் டிவில ஒரு வாரம் பேசுவாங்க, தூக்குல போடுங்கன்னு சொல்லுவாங்க, அதோட முடிஞ்சுது.

தண்டனை பத்தி இங்க நான் பேசப்போறதில்ல. கொலைக்கு முன்னாடி இருக்கிற அந்த வாரங்கள், மாசங்கள் பத்திதான் எழுதுறேன், ஏன்னா குற்றவியல் ஆராய்ச்சி முப்பது வருஷமா திரும்பத் திரும்ப சொல்ற விஷயம் ஒண்ணுதான்: ஒரு குறிப்பிட்ட ஆளை குறிவச்சு நடக்கிற வன்முறை கண நேரக் கோவத்துல வர்றது ரொம்ப அபூர்வம், அதுக்கு ஒரு பாதை இருக்கு, அந்தப் பாதைல அவன் நடக்கிறதை வழி நெடுக யாராவது பாத்துக்கிட்டேதான் இருக்காங்க. நம்ம ஊர்ல பெரிய ஓட்டை எங்கன்னா, போலீஸ் ஸ்டேஷன்ல அவன்கிட்ட எழுதி வாங்கிட்டு அனுப்பினதும் பிரச்சனை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நம்பிடுறோம், உண்மைல அந்தப் பொண்ணுக்கு ஆபத்து கூடுற நாட்கள் பல நேரம் அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. அதனால இந்த வழிகாட்டில அந்தக் கட்டத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கேன்.

முதல்ல அந்தப் பாதையைப் புரிஞ்சுக்கோங்க

அமெரிக்கால ஜனாதிபதிக்கு பாதுகாப்பு கொடுக்கிற சீக்ரெட் சர்வீஸ், 1949ல இருந்து 1996 வரைக்கும் அங்க தலைவர்களையும் பிரபலங்களையும் தாக்கின, தாக்க நெருங்கின 83 பேரோட வரலாறை எடுத்து ஆராய்ச்சி பண்ணாங்க. ராபர்ட் ஃபைன்னு ஒரு சைக்காலஜிஸ்டும் பிரையன் வோசெக்குயிலும் பண்ணது. எல்லாருக்கும் பொதுவா ஒரே மாதிரி முகமோ குணமோ படிப்போ இல்ல, ஆனா நடத்தைல பொதுவான விஷயங்கள் இருந்துச்சு. அதே குழு பின்னாடி பள்ளிக்கூட துப்பாக்கிச்சூடுகளை எடுத்துக்கிட்டாங்க, 1974ல இருந்து 2000 வரைக்கும் 37 சம்பவம், 41 பேர். அதுல 81 சதவீத சம்பவங்கள்ல அவன் இப்படி ஒண்ணு யோசிக்கிறான்னோ திட்டம் போடுறான்னோ குறைஞ்சது ஒருத்தருக்காவது முன்னாடியே தெரிஞ்சிருக்கு. பெரும்பாலும் அது ஃப்ரெண்டு, கூடப் படிக்கிறவன், கூடப் பிறந்தவன்.

பாதை இப்படித்தான் போகும்: முதல்ல மனக்குறை, அதாவது எனக்கு அநியாயம் நடந்துச்சுன்னு ஒரு நினைப்பு. அதுல இருந்து இதுக்கு வன்முறைதான் தீர்வுங்கிற யோசனை. அப்புறம் அவ எப்போ வீட்டை விட்டு கிளம்புறா, எந்த ட்ரெயின், யார் கூட வர்றான்னு தகவல் சேர்க்கிறது. அடுத்து தயாராகிறது, ஆயுதம் வாங்குறது, லீவு போடுறது, கடனை அடைக்கிறது. கடைசில ஒத்திகை மாதிரி கிட்ட வந்து பாக்கிறது. எல்லாரும் எல்லாக் கட்டத்தையும் வரிசையா கடக்கணும்னு இல்ல, நிறைய பேர் முதல் ரெண்டுலயே நின்னு திரும்பிடுவாங்க, அதுதான் நமக்கு நல்ல செய்தி. திரும்பிப் போக வழி இருக்குங்கிறதாலதான் தடுக்கவும் முடியுது.

இன்னொண்ணு, அவன் மெண்டல் சார்னு சொல்லி ஒதுக்கிடாதீங்க. எஃப்.பி.ஐ 2000 முதல் 2013 வரைக்கும் பொது இடங்கள்ல துப்பாக்கிச்சூடு நடத்தின 63 பேரை எடுத்துப் பாத்ததுல மனநோய்னு முன்னாடி டாக்டர் கண்டுபிடிச்சிருந்தது கால்வாசிப் பேருக்குத்தான், ஆனா நாலுல மூணு பேருக்கும் மேல ஏதோ ஒரு மனக்குறையை வச்சுத்தான் இறங்கியிருக்காங்க. அமைதியான பையன், வேலைக்குப் போறவன், நல்லா படிக்கிறவன்னு நெனச்சு அலட்சியமா இருக்கிறதும், மனநோய் இருக்கிற எல்லாரையும் சந்தேகப்படுறதும் ரெண்டுமே தப்பு.

படி 1: பின்னாடி வர்றவன் எந்த ரகம்?

ஆஸ்திரேலியால பால் மல்லன், மிஷேல் பாத்தே குழு 1999ல 145 ஸ்டாக்கர்களை, அதாவது விடாம பின்தொடர்ந்து தொல்லை பண்றவங்களை, ஆராய்ச்சி பண்ணி அஞ்சு வகையா பிரிச்சாங்க. பழகிட்டு விலக்கப்பட்டவன், தனக்கும் அவளுக்கும் ஏற்கனவே ஒரு பந்தம் இருக்குன்னு கற்பனைல வாழுறவன், எப்படி அணுகணும்னே தெரியாம தொல்லை பண்றவன், அவமானத்துக்குப் பழிவாங்க வர்றவன், பாலியல் தாக்குதலுக்காகவே நோட்டம் விடுறவன்.

நம்ம நியூஸ்ல எல்லாத்துக்கும் ஒருதலைக் காதல்னு ஒரே லேபிள் ஒட்டிடுறாங்க, ஆனா அதுக்குள்ள சில கேஸ்ல கொஞ்ச நாள் பழகி பிரிஞ்ச கதை இருக்கும், பொண்ணு வீட்ல அதை வெளில சொல்ல மாட்டாங்க. இந்த மறைப்பு ரொம்ப ஆபத்து. ஏன்னா அஞ்சு வகைல உடல் ரீதியா தாக்குற வாய்ப்பு அதிகம் இருக்கிறது முதல் வகைகிட்டதான், அதாவது ஒரு காலத்துல நெருக்கமா இருந்து விலக்கப்பட்டவன்கிட்ட. பழகினதை மறைச்சு புகார் கொடுத்தா போலீஸ் ஆபத்தைக் குறைச்சுத்தான் எடை போடும். பழகினது குற்றம் இல்ல, பிரிஞ்சதும் குற்றம் இல்ல, அம்மா அப்பா இதைக் கேட்டு முதல்ல பொண்ணைத் திட்டாம இருந்தாலே பாதி தகவல் நேரத்துக்கு வெளில வந்துடும்.

படி 2: ரெண்டு வாரம் தாண்டுச்சா?

அதே ஆஸ்திரேலியா குழு இன்னொரு ஆராய்ச்சில, வேண்டாத தொல்லை ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா அது மாசக்கணக்குல போறதுக்கான வாய்ப்பு அதிகம்னு கண்டாங்க. ரெண்டு மூணு நாள் மெசேஜ் அனுப்பிட்டு அடங்கிடுறவங்க நிறைய. ரெண்டு வாரம் தாண்டியும் வந்தா, தானா சரியாயிடும்னு காத்திருக்காதீங்க.

அன்னில இருந்து ஒரு நோட்டு போடுங்க. போன்லயே போடலாம், ஆனா காப்பி இன்னொருத்தர்கிட்ட இருக்கணும். தேதி, நேரம், இடம், என்ன செஞ்சான், யார் பாத்தாங்க, அவ்வளவுதான். உதாரணத்துக்கு: "செவ்வாய் காலை 8.10, பஸ் ஸ்டாப், எதிர்ல பைக்ல உக்காந்திருந்தான், பஸ் எடுத்ததும் பின்னாடியே அடுத்த ஸ்டாப் வரைக்கும் வந்தான், கண்டக்டர் பாத்தார்." இன்னொரு வரி: "அன்னிக்கே ராத்திரி 11.40, புது நம்பர்ல இருந்து மெசேஜ், இன்னிக்கு நீல சுடிதார்ல நல்லா இருந்தே." தனித்தனியா பாத்தா ரெண்டுமே சின்ன விஷயம், ஸ்டேஷன்ல சொன்னா சிரிப்பாங்க. சேத்துப் பாத்தா அவன் நாள் முழுக்க பின்னாடியே இருந்திருக்கான்னு தெரியும். மெசேஜை அருவருப்புல டிலீட் பண்ணிடாதீங்க, தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, வாய்ஸ் நோட்டை சேவ் பண்ணுங்க.

படி 3: வேண்டாம்னு ஒரே தடவை, அதுக்கப்புறம் மௌனம்

எழுத்துல ஒரு தடவை தெளிவா சொல்லுங்க: எனக்கு விருப்பம் இல்ல, இனிமே என்னைத் தொடர்பு கொள்ளாதீங்க. இப்போ படிக்கணும், வீட்ல ஒத்துக்க மாட்டாங்க, அப்புறம் பாக்கலாம்னு இதமா சொல்றது நம்ம வழக்கம், ஆனா படிப்பு முடியுற வரைக்கும் காத்திருப்பேன்னு அவன் அதை வாக்குறுதியா எடுத்துக்குவான். சொன்ன பிறகு பதிலே போடக் கூடாது. நாப்பது மெசேஜுக்கு பொறுத்துட்டு நாப்பத்தி ஒண்ணாவதுக்கு கோவமா பதில் போட்டா, நாப்பத்தி ஒரு தடவை முயற்சி பண்ணா பதில் வரும்னு அவன் கத்துக்கிறான், பிஹேவியரல் சயின்ஸ்ல இதைவிட உறுதியா நிரூபிச்ச விஷயம் ரொம்ப கம்மி.

கடைசியா ஒரு தடவை நேர்ல பேசிடலாம்னு போறது மட்டும் வேண்டவே வேண்டாம். ஃப்ரெண்ட்ஸ் நல்ல எண்ணத்துலதான் அந்த சந்திப்புக்கு ஏற்பாடு பண்ணுவாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

படி 4: எந்த அறிகுறி வந்தா இனி தாமதிக்கக் கூடாது

அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ரீட் மெலாய் குழு 2012ல எட்டு எச்சரிக்கை நடத்தைகளைத் தொகுத்தாங்க. எல்லாத்தையும் எழுதல, நம்ம ஊர் கேஸ்களுக்கு ரொம்பப் பொருந்துற சிலதை மட்டும் சொல்றேன்.

அவன் வாழ்க்கை முழுக்க அவளைச் சுத்தியே சுருங்கிடுறது. வேலைக்குப் போகல, ஃப்ரெண்ட்ஸை விட்டுட்டான், பேச்சு முழுக்க அவதான், யார் மாத்திப் பேசினாலும் சண்டை.

வாயை விடுறது, அதாவது திட்டத்தை மூணாவது ஆள்கிட்ட கசிய விடுறது. அவகிட்ட சொல்ல மாட்டான், கூடக் குடிக்கிற நண்பன்கிட்ட சொல்லுவான், ஸ்டேட்டஸ்ல போடுவான்.

இதுவரைக்கும் செய்யாத ஒரு வன்முறையை முதல் தடவையா செஞ்சு பாக்கிறது. கையைக் கீறிக்கிறது, அவ வண்டியை உடைக்கிறது, நாயை அடிக்கிறது.

எல்லாத்தையும் விட முக்கியமானது இனி வேற வழியே இல்லங்கிற பேச்சு. மெசேஜ்களை தேதி வாரியா வரிசையா வச்சுப் பாருங்க, மாற்றம் நல்லா தெரியும். ஆரம்பத்துல "சாரி, ஒரே ஒரு தடவை பேசு". அப்புறம் "என் வாழ்க்கையை நாசம் பண்ணிட்டே". அப்புறம் "எனக்கு கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாது". அதுக்கப்புறம் சில பேர் திடீர்னு அமைதியாயிடுவாங்க, இல்லன்னா "இனி தொல்லை தர மாட்டேன், எல்லாம் முடிஞ்சுது"ன்னு ஒரு மெசேஜ் வரும். அப்பாடா விட்டுட்டான்னு குடும்பம் நிம்மதி ஆகிறது அந்த நேரத்துலதான். உண்மையாவே விட்டிருக்கலாம், முடிவு எடுத்தும் இருக்கலாம். கோவத்துல இருந்து அமைதிக்கு ஒரே நாள்ல தாவினா, என்ன மாறுச்சுன்னு விசாரிச்சுப் பாக்காம நிம்மதி ஆகாதீங்க.

செத்துடுவேன்னு மிரட்டுறதை ட்ராமான்னு தள்ளிடாதீங்க. சாகத் துணிஞ்சவனுக்கு ஜெயில் பயம், போலீஸ் பயம் எதுவும் வேலை செய்யாது, அதனால அது அவனுக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து.

குரைக்கிற நாய் கடிக்காதுன்னு நம்ம ஊர்ல சொல்லிக்கிட்டே இருப்பாங்க. தலைவர்கள், பிரபலங்கள் விஷயத்துல அது ஓரளவு உண்மை, அந்த 83 பேர்ல தாக்கினவங்க பத்துல ஒருத்தர் கூட நேரடியா மிரட்டல் விடல. ஆனா முன்னாடி நெருங்கிப் பழகினவன் விஷயத்துல அப்படியே தலைகீழ், உறவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு அவ்வளவு மிரட்டல் செயலா மாறுற வாய்ப்பு அதிகம். முன்னாள் காதலன், முன்னாள் புருஷன் வெட்டிடுவேன்னு சொன்னா அப்படியே நம்புங்க.

கழுத்தை நெரிச்சது எப்பவாவது நடந்திருந்தா அதைத் தனியா குறிச்சு வைங்க. ஜாக்குலின் காம்ப்பெல்னு ஒரு நர்ஸ் 1985ல தொடங்கின ஆபத்து மதிப்பீட்டு கேள்வித்தாளை இன்னிக்கும் பல நாடுகள்ல பயன்படுத்துறாங்க, அதுல இந்தக் கேள்வி இருக்கு. முன்னாடி கழுத்தை நெரிச்சவன் கைல பின்னாடி அந்தப் பொண்ணு கொலையாகிற வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேலன்னு 2008ல வந்த ஆய்வு சொல்லுது. காயமே இல்லாம போயிடும்கிறதால யாரும் இதை ஸ்டேஷன்ல சொல்றதே இல்ல.

படி 5: புகார்

உடனடி ஆபத்துன்னா 112. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

பின்தொடர்றது பி.என்.எஸ்ல (ஐ.பி.சிக்கு பதிலா வந்த புது குற்றச் சட்டம்) 78வது பிரிவுல குற்றம், போன்லயும் ஆன்லைன்லயும் தொடர்றதும் இதுல வரும். 2013க்கு முன்னாடி இப்படி ஒரு தனிப் பிரிவே கிடையாது, 2012 டெல்லி கூட்டு பாலியல் வன்கொடுமை சம்பவத்துக்கு அப்புறம்தான் ஐ.பி.சி 354டின்னு வந்துச்சு, 2024 ஜூலைல இருந்து 78. மத்திய சட்டப்படி முதல் தடவைக்கு 3 வருஷம் வரைக்கும், மறுபடி பண்ணா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், முதல் தடவைக்கு ஸ்டேஷன்லயே பெயில் கிடைக்கும். கொலை மிரட்டல் இருந்தா 351, அதையும் சேக்கச் சொல்லுங்க. பொண்ணுக்கு 18 வயசு ஆகலன்னா, பாலியல் நோக்கத்தோட திரும்பத் திரும்ப பின்தொடர்றது போக்சோல வரும். கல்யாணம் ஆனவங்க, சேந்து வாழ்ந்தவங்கன்னா 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவே வாங்கலாம், நிறைய பேருக்கு இது தெரியல.

நம்ம ஸ்டேஷன்ல வழக்கமா நடக்கிறது என்னன்னா, புகாரை வாங்கி சி.எஸ்.ஆர் ரசீது போடுவாங்க, அவனைக் கூப்பிட்டு ரெண்டு அடி போட்டு, ஒரு வெள்ளைத்தாள்ல "இனிமேல் எந்தத் தொந்தரவும் செய்ய மாட்டேன்"னு எழுதி வாங்குவாங்க, அவங்க அப்பா கீழ கையெழுத்து போடுவார், "பொண்ணு பேரு கெட்டுடும், கேஸ் வேண்டாம்மா"ன்னு உங்களுக்கும் அறிவுரை சொல்லுவாங்க. சி.எஸ்.ஆர்ங்கிறது எஃப்.ஐ.ஆர் இல்ல. அந்த வெள்ளைத்தாளை மீறினா தானா எதுவும் நடக்காது. நோட்டைக் காட்டி எஃப்.ஐ.ஆர் கேளுங்க, போடலன்னா எஸ்.பி.க்கோ கமிஷனர் ஆபீஸுக்கோ எழுத்துல அனுப்புங்க, அதுக்கும் மேல மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கு. எந்த ஸ்டேஷன் எல்லைல நடந்துச்சுன்னு சொல்லி அலைய விட்டா ஜீரோ எஃப்.ஐ.ஆர் கேளுங்க, அதாவது எல்லை பாக்காம எந்த ஸ்டேஷன்லயும் பதியுற எஃப்.ஐ.ஆர், அது சட்டத்துலயே இருக்கு. எழுதித்தான் வாங்குவோம்னு சொன்னா, வெள்ளைத்தாளுக்கு பதிலா நிர்வாக நடுவர் முன்னாடி அமைதி காப்பேன்னு ஜாமீன் பத்திரம் வாங்கச் சொல்லுங்க, பழைய சி.ஆர்.பி.சி 107, இப்போ அதுக்கு பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ் 126. ஒரு வருஷம் வரைக்கும் கட்டுப்படுத்தும், மீறினா உள்ள போகணும்.

படி 6: புகார் கொடுத்த பிறகு வர்ற நாட்கள்

இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. ஸ்டேஷன்ல நாலு பேர் முன்னாடி அடிவாங்கி, அப்பா கையெழுத்து போட்டு, தெருவே பாத்து வீட்டுக்கு வர்ற ஒருத்தன் மனசுல என்ன ஓடும்? அவனோட மனக்குறைல இப்போ அவமானமும் சேந்துடுச்சு. அதுக்காக புகாரே கொடுக்காதீங்கன்னு சொல்லல, கொடுக்கணும், ஆனா கொடுக்கிறதுக்கு முந்தின நாளே அடுத்த சில வாரத்துக்கான ஏற்பாடு தயாரா இருக்கணும்.

அவனுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நேரத்தையும் வழியையும் முதல்ல மாத்துங்க. எந்த ட்ரெயின், எந்த ஸ்டாப், எந்த ட்யூஷன்னு அவன் மாசக்கணக்கா சேத்த தகவல் பயன்படாம போகணும். கொஞ்ச நாள் சித்தி வீட்லயோ ஹாஸ்டல்லயோ இருக்க முடிஞ்சா இன்னும் நல்லது. தனியா காத்து நிக்கிற நேரம்தான் பலவீனமான நேரம், பிளாட்பாரம், பஸ் ஸ்டாப், காலேஜ் கேட், அங்க கூட ஒருத்தர் இருக்கணும்.

போட்டோவை வாட்ச்மேன், ஹாஸ்டல் வார்டன், ஆபீஸ் ரிசப்ஷன், பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் காட்டி வைங்க. வெக்கப்படாதீங்க. வீட்டுக்கு வெளில நின்னு விசாரிக்கிற அந்தத் தம்பி யாருன்னு எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களுக்கு உடனே போன் வரும், தெரியலன்னா அவங்களே அன்பா உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வச்சு தண்ணி கொடுத்துடுவாங்க.

போன்ல லொகேஷன் ஷேரிங், பழைய லாகின், அவன் வாங்கிக் கொடுத்த போன், அவன் நம்பர் இணைஞ்ச மெயில் எல்லாத்தையும் பாருங்க. பாஸ்வேர்டு மாத்துறது புது டிவைஸ்ல இருந்து இருக்கட்டும். கூட இருக்கிற தோழிங்க போடுற ஸ்டோரில இருந்தும் அவ இடம் வெளில போகும், அவங்ககிட்டயும் சொல்லி வைங்க. போட்டோவை வச்சு மிரட்டினா பணம் கொடுக்காதீங்க, சந்திக்கவும் போகாதீங்க, சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள் குழந்தைகளுக்குன்னு தனிப் பகுதி இருக்கு, அங்க போடுங்க.

அண்ணன் தம்பி மாமா எல்லாம் ஆள் கூட்டிட்டுப் போய் அடிக்கிறது ரொம்பத் தப்பான நேரத்துல செய்யுற ரொம்பத் தப்பான காரியம். சாதி வேற வேறன்னா அது ரெண்டு ஊர் சண்டையா மாறும், பொண்ணோட பாதுகாப்பு மறந்தே போயிடும். அதேபோல, ஆபத்துன்னு பயந்து படிப்பை நிறுத்தி அவசரமா கல்யாணம் பேசுறதும் தீர்வு இல்ல. நிச்சயதார்த்தச் செய்தி அவன் காதுக்குப் போற நாள் ரொம்பவே ஆபத்தான நாட்கள்ல ஒண்ணு.

படி 7: நீங்க அவனோட ஃப்ரெண்டா, அம்மாவா, அண்ணனா இருந்தா

81 சதவீதம்னு மேல சொன்னேன்ல, அந்த ஆள் நீங்கதான். மச்சான் குடிச்சிட்டு உளறுறான்னு விட்டுடாதீங்க. நேரா கேளுங்க, அவளை ஏதாவது பண்ணணும்னு நினைக்கிறியா, நீ ஏதாவது பண்ணிக்கணும்னு நினைக்கிறியா? கேட்டா ஐடியா கொடுத்த மாதிரி ஆகாது, தற்கொலை விஷயத்துலயும் ஆராய்ச்சி அதைத்தான் சொல்லுது. ஆமான்னு சொன்னாலோ, கத்தியோ ஆசிட்டோ வாங்கினது தெரிஞ்சாலோ, அவனைத் தனியா விடாதீங்க, அவ குடும்பத்துக்கும் 112க்கும் சொல்லிடுங்க. இது காட்டிக் கொடுக்கிறது இல்ல, கொலைகாரன் ஆகாம அவனையும் காப்பாத்துறீங்க.

அந்தக் கட்டத்துக்கு முன்னாடின்னா, அவன் வாழ்க்கைல வேற ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. கேவின் டி பெக்கர்னு ஒரு அமெரிக்க பாதுகாப்பு நிபுணர் நாலு கேள்வி கேக்கச் சொல்றார்: தான் செய்யப்போறது நியாயம்னு நம்புறானா, வேற வழி இல்லன்னு நினைக்கிறானா, பின்விளைவை ஏத்துக்கத் தயாரா, செய்யுற வசதி இருக்கா. இதுல ரெண்டாவதுதான் உங்க கைல இருக்கு. நல்ல வேலை, வேற ஊர்ல கொஞ்ச நாள், குடிய நிறுத்துறது, தினம் பேச ஒரு ஆள், எதுவா இருந்தாலும் வேற வழி ஒண்ணைத் திறக்கும். அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு இலவசமா கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க. ஒரு பொண்ணு ஏமாத்திட்டான்னு பாட்டு போட்டு ஏத்திவிடுற நண்பனா மட்டும் இருக்காதீங்க.

படி 8: காலேஜ், கம்பெனி

வாட்ச்மேனுக்கு ஒரு துண்டு தெரியும், க்ளாஸ் டீச்சருக்கு ஒரு துண்டு, ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு ஒண்ணு, ஸ்டேஷன்ல ஒண்ணு. யாரும் ஒண்ணா உக்காந்து பேசுறதில்ல. அமெரிக்கால வர்ஜீனியா மாநிலம் 2013ல எல்லா அரசுப் பள்ளிக்கும் மிரட்டல் மதிப்பீட்டுக் குழு கட்டாயம்னு சட்டம் போட்டாங்க, பிரின்சிபல், கவுன்சிலர், போலீஸ் எல்லாம் ஒரே மேஜைல உக்காருவாங்க. தகவல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரலன்னா என்ன ஆகும்னு 2018 ஃப்ளோரிடா பார்க்லேண்ட் பள்ளிக்கூட துப்பாக்கிச்சூடு காட்டிடுச்சு: ஜனவரி 5ம் தேதியே எஃப்.பி.ஐ.க்கு ஒருத்தர் போன் பண்ணி அந்தப் பையன் பத்தி எச்சரிச்சாங்க, அந்தத் தகவல் மியாமி ஆபீஸுக்கே போகல, பிப்ரவரி 14ல 17 பேர் செத்தாங்க. நம்ம காலேஜ்ல செலவே இல்லாம நாலு பேர் கொண்ட குழு போடலாம், தகவல் சொல்ல ஒரே நம்பர், சொன்ன ஆள் பேர் வெளில வராது, இது போதும். பையனை டிஸ்மிஸ் பண்ணா பிரச்சனை முடிஞ்சுதுன்னு மட்டும் நினைக்காதீங்க, கேட்டுக்கு வெளில போனா அவனை கவனிக்க ஆளே இல்ல.

கடைசியா, எத்தனை நாள் உஷாரா இருக்கணும்னு எல்லாரும் கேப்பாங்க. நாள் கணக்கு சொல்ல முடியாது, ஆனா சில தேதிகளை காலண்டர்ல குறிச்சு வைங்க: கேஸ் ஹியரிங், அவன் பெயில்ல வர்ற நாள், அவ பிறந்தநாள், பிரிஞ்ச நாள், அவளுக்கு வேலை கிடைச்ச செய்தி, நிச்சயம், கல்யாணம், அவன் வேலை போன நாள், அவன் வீட்ல ஒரு சாவு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள் முன்னாடி நோட்டைத் திறந்து படி 4ஐ மறுபடி படிங்க, ஒரு அறிகுறி புதுசா இருந்தாலும் பழைய எஃப்.ஐ.ஆர் நம்பரோட ஸ்டேஷனுக்குப் போய் எழுத்துல கொடுத்து ரசீது வாங்குங்க.